குழவிக்குப் பெயர் பிள்ளை: புவெப்லாவில் தோர்த்தியா சுட்டுப் பழகிய கதை

முதல் ஈடு சோப்புக்கட்டியை நக்கியதுபோல் இருந்தது. ஒரு கிலோ மக்காச்சோளத்துக்கு ஐந்து பெரிய கரண்டி சுண்ணாம்பு போட்டிருந்தேன். வெற்றிலைக்குத் தடவுகிற அதே நீற்றுச் சுண்ணாம்புதான், கால்சியம் ஹைட்ராக்சைடு. கொஞ்சம் கூடினாலும் நாக்கு வெந்துபோகும் என்பது தெரிந்த ஊரில் பிறந்தவனுக்கு இது தோன்றியிருக்க வேண்டும். தோன்றவில்லை.

மனைவியின் வேலைக்காக மெக்ஸிகோவின் புவெப்லா நகரத்துக்கு வந்து இது இரண்டாவது வருடம். நம்மூர் பாக்கெட்டில் டார்ட்டில்லா என்று எழுதியிருப்பதை இங்கே தோர்த்தியா என்று சொல்ல வேண்டும். தெருவுக்கு ஒரு தோர்த்தியா கடை இருக்கிறது. இயந்திரம் கடகடவென்று தள்ளிக்கொண்டே இருக்கும், கிலோ கணக்கில் காகிதத்தில் சுற்றித் தருவார்கள். அதைத்தான் வாங்கிச் சாப்பிட்டுக்கொண்டிருந்தோம். கெடுத்தது கீழ் வீட்டு வாசனை. காலை ஒன்பது மணிவாக்கில் ஈர மண்ணும் வறுத்த தானியமும் கலந்த மாதிரி ஒன்று மாடிப்படி ஏறி வரும். ஒரு நாள் கீழ் வீட்டு செனோரா, துணியில் சுற்றி நான்கு கொடுத்தார். வெண்ணெய், உப்பு எதுவும் இல்லாமல் நின்றபடியே நான்கையும் தின்று தீர்த்தோம். அன்றைக்கே சந்தையில் ஐந்து கிலோ வெள்ளைச் சோளம் வாங்கிவிட்டேன். (இனி சோளம் என்றால் மக்காச்சோளம் என்றே வைத்துக்கொள்ளுங்கள்.)

செனோராவுக்கு வயது எழுபதைத் தாண்டிவிட்டது. போப்போகாத்தேபெத்ல் எரிமலைச் சரிவில் உள்ள கிராமத்துக்காரர். என்னை 'ஹோவென்' என்று கூப்பிடுவார், அதாவது இளைஞரே. எனக்கு நாற்பத்தேழு. மீசை நரைத்த சர்வரையும் இங்கே ஹோவென் என்றுதான் அழைக்கிறார்கள் என்பது தெரியும்வரை கொஞ்சம் பெருமையாகவே இருந்தது.

என் முதல் ஈட்டில் ஒரு துண்டை வாயில் போட்டுக்கொண்டு, துப்பாமல் விழுங்கிவிட்டுக் கேட்டார்: "ஹோவென், இது சாப்பிடவா, சுவருக்கு அடிக்கவா?"

சோளத்தைச் சுண்ணாம்புத் தண்ணீரில் வேகவைத்து, இரவு முழுக்க ஊறவிட்டு, கழுவி அரைப்பதுதான் இங்கே எல்லாவற்றுக்கும் அடிப்படை. அப்படி வெந்து ஊறிய சோளத்துக்கு நிக்ஸ்தமால் என்று பெயர். அஸ்தெக்குகளின் மொழியான நாவாட்லில் நெஷ்த்லி என்றால் சாம்பல், தமால்லி என்றால் சோள மாவுப் பண்டம். அரைத்த மாவு, மாசா. சுண்ணாம்பு, கால். இதில் கால் இல்லாவிட்டால் மாசா இல்லை. சோளத்தைச் சும்மா அரைத்துப் பிசைந்து பாருங்கள், விரிந்து விரிந்து உடையும். பஞ்சாபிகளின் மக்கி ரொட்டி தட்டிப் பார்த்தவர்களுக்கு அந்த அவஸ்தை தெரியும். சுண்ணாம்புக் காரம் சோளத்தின் மேல்தோலைக் கரைத்துப் பசையாக்குகிறது, மாவுச்சத்தைப் பாதி வேகவைக்கிறது. அதனால்தான் கோதுமையில் இருக்கும் குளூட்டன் இல்லாமலேயே மாசா ஒட்டிக்கொள்கிறது.

அளவு ஒன்றும் பெரிய ரகசியம் இல்லை. சோளத்தின் எடையில் நூற்றில் ஒரு பங்கு. ஒரு கிலோவுக்குப் பத்து கிராம், இரண்டரை லிட்டர் தண்ணீர். நான் போட்டது அதைப்போலப் பல மடங்கு. செனோராவிடம் தராசு கிடையாது. சந்தையில் கல்லாக விற்கும் சுட்ட சுண்ணாம்பை மண்சட்டியில் போட்டுத் தண்ணீர் தெளித்து நீற்றுகிறார். சுர்ரென்று கொதித்து, கல் பிளந்து, மாவாக உதிர்கிறது. கிளிஞ்சல் சுண்ணாம்பு நீற்றுவதைப் பார்த்தவர்களுக்கு அந்தச் சத்தம் புதிதல்ல. (கண்ணில் தெறித்தால் பார்வை போய்விடும், தள்ளி நில்லுங்கள்.) தெளிந்த சுண்ணாம்புப் பாலைத் தண்ணீரில் கலந்து, விரலை முக்கி, நாக்கு நுனியில் வைத்துப் பார்க்கிறார். லேசாகச் சுருக்கென்றால் சரி. "கடிக்கணும், ஆனா பல் பதியக் கூடாது" என்பது அவர் கணக்கு. சோளத்தைப் போட்டவுடன் வெள்ளை மணி எலுமிச்சை மஞ்சளுக்கு மாற வேண்டும். அது இரண்டாவது சோதனை.

இந்தச் சுண்ணாம்புக்குள் ஒரு பெரிய சோகக் கதை இருக்கிறது. கொலம்பஸுக்குப் பிறகு சோளம் கப்பலேறி ஐரோப்பா போனது. சுண்ணாம்பு கூடப் போகவில்லை. சோளத்தில் உள்ள நியாசின் என்ற பி வைட்டமின் பெரும்பாலும் கட்டுண்டு கிடக்கிறது, காரத்தில் வெந்தால்தான் அவிழ்ந்து உடம்பில் சேரும். சோளத்தை மட்டுமே தின்று பிழைத்த ஏழைகளுக்குத் தோல் வெடித்தது, வயிறு போனது, புத்தி பேதலித்தது. ஸ்பெயினின் அஸ்தூரியாஸில் காஸ்பர் கசால் என்ற மருத்துவர் 1735-ல் இந்த நோயைக் குறித்துவைத்தார். இத்தாலியில் அதற்கு வைத்த பெயர் பெலக்ரா, சொரசொரத்த தோல். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அமெரிக்காவின் தென்மாநிலங்களில் ஆயிரக்கணக்கில் செத்தார்கள். ஏதோ தொற்று என்று பலர் நம்பிக்கொண்டிருந்தபோது, இல்லை, சாப்பாட்டில்தான் குறை என்று ஜோசப் கோல்ட்பர்கர் என்ற மருத்துவர் அடித்துச் சொன்னார். குறை நியாசின்தான் என்று உறுதியானது 1937-ல். சோளத்தையே மூன்று வேளையும் தின்ற மெக்ஸிகோ கிராமங்களை அந்த நோய் அந்த அளவுக்குத் தொடவில்லை. தானியத்தைக் கொண்டுபோனவர்கள் அதைச் சமைத்த பெண்களிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்.

சரி, என் இரண்டாவது ஈட்டுக்கு வருகிறேன். சுண்ணாம்பு சரி, வேகவைத்தது குக்கரில். நம் ஆட்கள் எங்கே போனாலும் குக்கரைத் தூக்கிக்கொண்டு போவோமே. புவெப்லா கடல் மட்டத்துக்கு மேல் 2,100 மீட்டருக்கும் அதிக உயரத்தில் இருக்கிறது, தண்ணீர் 93 டிகிரியிலேயே கொதித்துவிடும், பருப்பு வேக நேரமாகும். ஆகவே நான்கு விசில் விட்டேன். திறந்தால் களி. அதோடு அலுமினியக் குக்கரின் உட்புறம் அட்டக் கறுப்பு. காரம் அலுமினியத்தை அரிக்கும் என்று எட்டாம் வகுப்பில் படித்ததை அன்றைக்குத்தான் கண்ணால் பார்த்தேன். மாவையும் கொட்டினேன், குக்கரும் போனது. எவர்சில்வர், எனாமல், மண்சட்டி மூன்றில் எதுவும் ஆகும். அலுமினியம் மட்டும் கூடவே கூடாது.

சோளம் முழுக்க வேகக் கூடாது என்பதுதான் விஷயம். கொதி வருவதற்குச் சற்று முன்னாலேயே தீயை அடக்கி, அந்த நிலையிலேயே முப்பத்தைந்து நாற்பது நிமிடம். இரண்டு விரலில் வைத்து நசுக்கினால் தோல் வழுக்கிக்கொண்டு வர வேண்டும். மணியை நகத்தால் இரண்டாகப் பிளந்தால் நடுவில் வெள்ளையாக ஒரு பொட்டு, வேகாத சுண்ணக்கட்டி மாதிரி, தெரிய வேண்டும். அப்போது அடுப்பை அணைத்து மூடிவைத்துவிட வேண்டியதுதான். மீதி வேலையை இரவு பார்த்துக்கொள்ளும். செனோரா மூடி போடுவதற்கு முன் பானைக்கு மேல் விரலால் சிலுவை போடுகிறார். ஏன் என்றால், "அம்மா போடுவாங்க" என்கிறார். பதினாறாம் நூற்றாண்டில் பெர்னார்டினோ தே சஹகூன் என்ற பாதிரியார், நாவாட்ல் பேசும் பெரியவர்களிடம் கேட்டு எழுதிவைத்த பழக்கவழக்கங்களில் ஒன்று உண்டு: சோளத்தைப் பானையில் போடும் முன் பெண்கள் அதன்மேல் வாயால் ஊதுவார்கள், தீயைக் கண்டு சோளம் பயப்படாமல் இருக்க. ஊதிய இடத்தில் இப்போது சிலுவை வந்திருக்கிறதா, இரண்டும் வேறு வேறா, எனக்குச் சொல்லத் தெரியாது. நான் ஊதத்தான் செய்கிறேன்.

மூன்றாவது ஈடு. காலையில் மூடியைத் திறந்தால் தண்ணீர் பழுப்பு மஞ்சளாக, கொழகொழவென்று, ஈரச் சுவரின் வாசனையோடு இருந்தது. இதற்கு நெஹயோத்தே என்று பெயர். அரிசி களைவதுபோல் ஐந்தாறு தண்ணீர் விட்டுத் தேய்த்து, ஒரு பொட்டுத் தோல்கூட இல்லாமல் பளிச்சென்று எடுத்துவைத்தேன். பெருமையாக இருந்தது. செனோரா எட்டிப் பார்த்து, "பொசோலே செய்யப் போறீங்களா?" என்றார். பொசோலே என்பது பெரிய மணிச் சோளத்தைப் பூவாக மலரவிட்டுச் செய்யும் குழம்பு. அதற்குத்தான் தோலை முழுக்க எடுப்பார்கள். தோர்த்தியாவுக்கு அந்தக் கரைந்த தோலில் கொஞ்சம் வேண்டும், பசையே அதுதான். இரண்டு தண்ணீர் போதும்.

அதையும் மிக்ஸியில் அடித்தேன். மிக்ஸி ஓடத் தண்ணீர் கேட்டது, தண்ணீர் விட்டால் தோசை மாவாயிற்று. தோசையாகவே ஊற்றினேன். கல்லோடு ஒட்டிக்கொண்டது. என் மனைவி அதை ஒரு கிண்ணத்தில் சுரண்டிப் போட்டு, தயிரும் பச்சைமிளகாயும் சேர்த்து, "கூழ்" என்று பெயர் சூட்டிச் சாப்பிட்டுவிட்டாள்.

நான்காவது ஈட்டுக்கு மில்லுக்குப் போனேன். இங்கே மோலினோ என்கிறார்கள். நம் தெருவில் இரண்டு திருப்பம் தள்ளி, ஒரு ஷட்டர் அகலக் கடை. காலை ஏழு மணிக்கு வாளியோடு வரிசை. உள்ளே பெல்ட்டு ஓட்டும் பழைய இயந்திரம், இரண்டு வட்டமான எரிமலைக் கற்கள். தேய்ந்தால் மில்காரர் உளியால் மறுபடி கொத்திக்கொள்கிறார். எல்லார் வாளியும் ஒரே கல்லில் போவதால் எனக்கு முன்னால் நின்றவரின் நீலச் சோளம் என் வெள்ளை மாவில் ஒரு சாம்பல் கோடாக வந்தது. யாரும் கண்டுகொள்வதில்லை. மாவு சூடாக, உருண்டு உருண்டு விழுந்தது. கையில் எடுத்ததும் தெரிந்தது, இத்தனை நாள் நான் செய்தது மாவே இல்லை.

மில்லில் வேலை முடிந்திருக்கும். ஆனால் செனோரா வீட்டு மூலையில் ஒரு மெத்தாத்தே கிடந்தது. கறுப்பு எரிமலைக் கல், மூன்று கால், அரைப்பவர் பக்கம் உயர்ந்து எதிர்ப்பக்கம் சரிந்த பலகை. நம் அம்மி சமதளம், இது சறுக்குமரம். எனக்கு ஆசை விடவில்லை. எரிமலையின் அடிவாரத்தில் சான் நிகோலாஸ் தே லோஸ் ராஞ்சோஸ் என்ற ஊரில் இன்றைக்கும் கல் தச்சர்கள் மெத்தாத்தேயும் மொல்காஹேத்தே என்ற கல் உரலும் கொத்துகிறார்கள். செனோராவையும் அழைத்துக்கொண்டு போனேன். அவர் கல்லை விரல் முட்டியால் தட்டிக் கேட்டார், ஒரு காசால் சுரண்டிப் பார்த்தார். சுரண்டினால் சாம்பல் தூள் கொட்டினால் அது சிமெண்ட் வார்ப்பு. சந்தையில் ஏமாந்து ஏற்கெனவே ஒரு சிமெண்ட் மொல்காஹேத்தே வாங்கி வைத்திருந்த விஷயத்தை நான் அவரிடம் சொல்லவில்லை.

அங்கேதான் இந்த நான்கு மாதத்திலும் எனக்கு மிகப் பிடித்த விஷயம் கிடைத்தது. அரைக்கும் கல்லை நகரத்தில் 'மனோ', அதாவது கை என்கிறார்கள். கல் தச்சர் அதை மெத்லாபில் என்றார். நாவாட்லில் மெத்லாத்ல் என்றால் அம்மி, பில்லி என்றால் பிள்ளை. அம்மியின் பிள்ளை! நாம் குழவி என்கிறோம். குழவி என்றால் கைக்குழந்தை என்று நம் பழைய பாட்டுகளெல்லாம் சொல்கின்றன. ஒரு கடலுக்கு இரண்டு கடல் தாண்டி, ஒருவரை ஒருவர் பார்த்தே இராத இரண்டு ஊர்ப் பெண்கள், மடிமேல் குழந்தை கிடப்பதுபோல் கல்மேல் கல் கிடப்பதைப் பார்த்து ஒரே பெயரை வைத்திருக்கிறார்கள். என் அரைகுறை ஸ்பானிஷில் இதைச் சொன்னேன். தச்சர் தலையாட்டிவிட்டு, விலையில் மட்டும் ஒரு பெசோவும் குறைக்கவில்லை. (சப்போட்டாவும் நாவாட்ல்தான், த்ஸாபோத்ல் என்ற சொல் ஸ்பானிஷ் வழியாக நம் பழக்கடைக்கு வந்து சேர்ந்தது. அது கடன் வாங்கியது. குழவி யாரும் யாரிடமும் வாங்காதது.)

புதுக் கல்லைப் பழக்க வேண்டும். ஒரு கைப்பிடி பச்சரிசியும் கல் உப்பும் போட்டு அரைத்தேன். முதல் நாள் மாவு சிமெண்ட் நிறம். கழுவி, காயவைத்து, மறுநாள் மறுபடி. மூன்றாம் நாள் வெளிர் சாம்பல், பல்லில் வைத்தால் நறநற. ஐந்தாம் நாள் அரிசி வெள்ளையாகவே வந்தது. ஓரத்தில் ஒரு மேடு மட்டும் குழவியைத் தடுக்கிக்கொண்டே இருந்தது. செனோரா ஒரு கூரான உளியைக் கொடுத்து, அடிக்காதீங்க, கொத்துங்க என்றார். மணிக்கட்டிலிருந்து சின்னச் சின்னக் கொத்து. ஒரு மணி நேரத்தில் மேடு அடங்கியது, என் பெருவிரல் வீங்கியது.

அப்புறம்தான் அரைத்தல். மண்டியிட வேண்டும், சம்மணம் போட்டால் பலம் வராது. உயர்ந்த பக்கம் தொடையை ஒட்டி இருக்க, இரண்டு கையாலும் குழவியின் முனைகளைப் பிடித்து, உடம்பின் எடையைத் தோள் வழியாக இறக்கி, சரிவில் தள்ள வேண்டும். திரும்பும்போது எடை இல்லாமல் இழுக்க வேண்டும். தள்ளும்போது மணிக்கட்டில் ஒரு சின்னத் திருப்பு. அந்தத் திருப்பு வர எனக்கு இரண்டு வாரம் ஆனது. ஒரு தடவை ஓட்டினால் நொறுங்கல், இரண்டாம் தடவை ரவை, மூன்றாம் தடவை மாசா, கீழே வைத்த தட்டில் நாக்கு மாதிரி நீண்டு விழுகிறது. கீழே சில மணிகள் சிந்தின. செனோரா இடுப்பைப் பிடித்துக்கொண்டு குனிந்து ஒவ்வொன்றாகப் பொறுக்கினார். சஹகூன் பாதிரியாரின் குறிப்புகளில் இதுவும் இருக்கிறது: சிந்திய சோளத்தைக் கண்டும் எடுக்காமல் போனால், அது அழுதுகொண்டு கிடக்கும் என்பார்களாம்.

"ஆம்பிளை மெத்தாத்தேயில மண்டி போட்டு நான் பார்த்ததே இல்லை" என்று அவர் சிரித்தார். போய்த் தன் தங்கையையும் கூட்டிக்கொண்டு வந்தார், வேடிக்கை பார்க்க.

ஒரு கிலோவுக்கு எனக்கு ஒன்றே முக்கால் மணி நேரம் ஆனது. முட்டி இரண்டும் சிவந்து, மறுநாள் படி இறங்க முடியவில்லை. மில் வரும் வரைக்கும் ஒரு குடும்பத்துக்கு அரைக்க, பெண்கள் விடிவதற்கு முன் எழுந்து தினம் ஐந்தாறு மணி நேரம் இப்படி மண்டியிட்டிருக்கிறார்கள். ஸ்பானியர் வந்து இருபது வருடம் கழித்து, 1541 வாக்கில் வரைந்த ஒரு சித்திரச் சுவடியில் அஸ்தெக் பிள்ளைகள் வளர்வதை வயதுவாரியாகக் காட்டியிருக்கிறார்கள். மூன்று வயதுப் பிள்ளைக்கு வேளைக்கு அரை தோர்த்தியா, நான்கில் ஒன்று, ஆறில் ஒன்றரை, பதின்மூன்றில் இரண்டு. அந்தப் பதின்மூன்றாம் வயதுப் படத்தில் பெண்பிள்ளை மெத்தாத்தே முன்னால் மண்டியிட்டிருக்கிறாள். அதற்கப்புறம் எழுந்திருக்கவே இல்லை என்று எனக்குத் தோன்றியது.

கிராமங்களுக்கு மில் பரவியது 1920-களுக்குப் பிறகு. லாசரோ கார்தெனாஸ் ஜனாதிபதியாக இருந்த 1934 முதல் 1940 வரையிலான காலத்தில் பெண்கள் சங்கங்களுக்கே மில் கொடுத்தார்கள். மில் மாவில் ருசி இல்லை, வேலை குறைந்தால் பொம்பளைகள் ஊர் சுற்றுவார்கள் என்று பல ஊர்களில் ஆண்கள் முறைத்துக்கொண்டார்களாம். 1949-ல் நுவேவோ லியோன் மாநிலத்தின் செர்ரால்வோவில் நிக்ஸ்தமாலையே உலர்த்திப் பொடியாக்கி விற்கும் ஆலை தொடங்கியது, தண்ணீர் விட்டுப் பிசைந்தால் மாசா. பாக்கெட் மாவைக் கேலி செய்யும் சமையல் ரசிகர்களை இங்கேயும் நிறையப் பார்க்கிறேன். அவர்களில் எத்தனை பேர் முட்டி சிவந்தவர்கள் என்று கேட்கத் தோன்றுகிறது. 2007-ல் தோர்த்தியா விலை எகிறியபோது மெக்ஸிகோ நகரத் தெருவில் கூட்டம் இறங்கியதைச் செனோரா இன்னும் சொல்லுவார். 'சோளம் இல்லையென்றால் நாடு இல்லை' என்று அப்போது எழுந்த கோஷம் எங்கள் மில்லின் ஷட்டரிலும் பெயிண்டில் எழுதியிருக்கிறது, பாதி உதிர்ந்து.

சுடுவது தனி வித்தை. உருண்டை முப்பத்தைந்து கிராம். கடைப் பிளாஸ்டிக் பையை வட்டமாக வெட்டி இரண்டுக்கும் நடுவில் வைத்து இரும்பு அழுத்தியில் ஒரு அமுக்கு. ஓரம் வெடித்தால் மாவுக்குத் தண்ணீர் போதவில்லை, பிளாஸ்டிக்கில் ஒட்டினால் கூடிவிட்டது. செனோரா அழுத்தியைத் தொடுவதில்லை, இரண்டு உள்ளங்கைக்கும் நடுவில் தட்டித் தட்டியே வட்டமாக்கிவிடுகிறார். அந்தத் தட்டல் சத்தம்தான் நான் மாடியில் கேட்டுக்கொண்டிருந்தது.

சுடும் கல்லுக்குக் கொமால் என்று பெயர். ஆசையாய் ஒரு மண் கொமால் வாங்கி, ஒட்டாமல் இருக்கச் சுண்ணாம்புப் பால் பூசி, கேஸ் அடுப்பில் எடுத்தவுடன் பெரிய தீ வைத்தேன். டப்பென்று இரண்டு துண்டு. மண் சட்டியை மெல்லச் சூடேற்ற வேண்டும் என்பது பொங்கல் பானை வைத்த கைக்குத் தெரியாததா? அவசரம். இப்போது இரும்புத் தோசைக்கல்லே கொமால்.

முதல் பக்கம் அரை நிமிடம், ஓரம் நிறம் மாறி எழும்பும். திருப்பி ஒரு நிமிடம், பொட்டுப் பொட்டாகக் கருகும். மறுபடி திருப்பி நடுவில் விரல் நுனியால் லேசாக ஒரு தட்டு. எல்லாம் சரியாக இருந்தால் உள்ளே நீராவி அடைத்துப் பூரிபோல் உப்பும். முப்பது நாற்பது போட்ட பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை ஒன்று முழுசாக உப்பியது. செனோரா கை தட்டி, "இனிமே நீங்க கல்யாணம் பண்ணிக்கலாம், ஹோவென்!" என்றார். தோர்த்தியா உப்பினால் கல்யாணத்துக்குத் தயார் என்று இங்கே சொல்வார்கள். என் மனைவி உள்ளேயிருந்து, "முதல் கல்யாணத்துக்கு வாங்கின குக்கருக்குப் பதில் சொல்லச் சொல்லுங்க" என்றாள்.

அடுத்து நீலச் சோளம் முயன்றேன். சுண்ணாம்பு துளி கூடியதில் மாவு பச்சையாகிவிட்டது. நீல நிறமி காரத்தில் அப்படி மாறும், ருசிக்குக் கெடுதல் இல்லை.

நேற்று இரவு போட்டது பத்தாவது ஈடு. கிலோவுக்குப் பத்து கிராம் என்று சுவரில் எழுதிவைத்திருந்தாலும் நாக்கையும் வைத்துப் பார்த்துக்கொண்டேன். காலையில் இருநூறு கிராம் மட்டும் மெத்தாத்தேயில், மீதி வாளியில் மில்லுக்கு. குழவியை எடுத்து அலம்பிய செனோரா அதை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்து, வலப்பக்கம்தான் தேய்ந்திருக்கிறது, இடது கைக்கும் வேலை கொடுங்கள் என்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறார்.